மல்டிலெவல் இன்வெர்ட்டர்களை ஒப்பிடுவது எப்படி: லெவலை எண்ணுவதற்கு முன் பார்க்க வேண்டியவை

மன்னார்குடிப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் மின்னியல் ஆய்வகம் என் பொறுப்பில் இருக்கிறது. பொங்கல் விடுமுறை முடிந்து திரும்பும் இறுதியாண்டுப் பிள்ளைகளில் இரண்டு மூன்று குழுவாவது "மல்டிலெவல் இன்வெர்ட்டர் பண்றோம் சார்" என்று வந்து நிற்கும். கையில் ஓர் ஆய்வுக்கட்டுரை இருக்கும். அதில் 15 லெவல், 31 லெவல் என்று போட்டிருக்கும். இன்வெர்ட்டர் டிசியை ஏசியாக்கும் கருவி; மல்டிலெவல் என்றால் அந்த ஏசியைப் பல வோல்டேஜ் படிகளாக அடுக்கிச் செய்வது. பூஜ்யத்தையும் மைனஸ் பக்கப் படிகளையும் சேர்த்து எண்ணினால் அதுதான் லெவல். லெவல் கூடக் கூட வெளியே வரும் ஏசி அலை சைன் வடிவத்தை நெருங்கும் என்பது உண்மைதான். அதற்காக லெவல் எண்ணிக்கையை மட்டும் பார்த்து ஒன்றைவிட இன்னொன்று மேல் என்று முடிவுகட்டினால், அந்த ஒப்பீடு ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டோடு முடிந்துவிடும். வயலுக்கோ வீட்டுக்கோ வந்து சேராது. ஆய்வகத்தில் நான் சொல்லித்தரும் வரிசையிலேயே இங்கே எழுதுகிறேன்.

டிசி எங்கிருந்து வருகிறது?

முதல் கேள்வி இதுதான். வேதாரண்யத்திலிருந்து வந்த ஒரு மாணவி, அப்பாவின் இறால் குட்டைக்குக் கரண்ட் போனாலும் ஏரேட்டர் (தண்ணீரில் காற்றேற்றும் கருவி) ஓட வேண்டும் என்று கேஸ்கேடட் எச்-பிரிட்ஜ் (நான்கு ஸ்விட்ச் கொண்ட பிரிட்ஜுகளைத் தொடராக அடுக்கும் வகை) எடுத்துக்கொண்டு வந்தாள்.

"பேட்டரி எப்படிம்மா வைக்கப்போற?"

"ஒரே பேங்க் சார், 48 வோல்ட்."

"அப்ப மூணு பிரிட்ஜுக்கும் டிசி எங்கேருந்து வரும்?"

கேஸ்கேடட் எச்-பிரிட்ஜில் ஒவ்வொரு பிரிட்ஜுக்கும் மற்றவற்றோடு தொடர்பில்லாத தனி டிசி வேண்டும். ஒரே பேட்டரி பேங்கின் பிளஸ், மைனஸை மூன்று பிரிட்ஜுக்கும் கொடுத்துவிட்டு வெளிப்பக்கம் தொடராக இணைத்தால் நேரடி ஷார்ட் சர்க்யூட்தான். ஒரே பேங்கை வைத்துச் செய்ய இரண்டு வழி உண்டு. பேங்கையே தனித்தனிக் கட்டாகப் பிரிக்கலாம். அல்லது ஒவ்வொரு பிரிட்ஜுக்கும் ஒரு டிரான்ஸ்ஃபார்மர் போட்டு, அவற்றின் செகண்டரிகளைத் தொடராக இணைக்கலாம். இரண்டாவதில் 50 ஹெர்ட்ஸ் டிரான்ஸ்ஃபார்மர் மூன்று வருகிறது. எடையும் விலையும் அதோடு சேர்ந்து வருகின்றன. அதையும் ஒப்பீட்டில் கணக்கு வைக்க வேண்டும்.

ஆகவே நோட்டில் முதலில் எழுத வேண்டியது மூன்று வரி: டிசி மூலம் எத்தனை, ஒன்றிலிருந்து ஒன்று பிரிந்தவையா, மின்சாரம் திரும்பி உள்ளே வந்தால் ஏற்றுக்கொள்ளுமா. பேட்டரி ஏற்றுக்கொள்ளும். சோலார் பேனலும் டையோடு ரெக்டிஃபையரும் ஏற்றுக்கொள்ளாது. இந்த மூன்றாவது வரியைப் பல பேர் எழுதுவதே இல்லை. பின்னால் இரண்டு பிரிட்ஜை 1:3 என்ற டிசி விகிதத்தில் வைத்து 9 லெவல் எடுக்கும்போது இங்கேதான் சிக்கும். அந்த அமைப்பில் இரண்டாவது லெவல் வேண்டுமானால் மூன்றிலிருந்து ஒன்றைக் கழிக்க வேண்டும். கழிக்கும் நேரத்தில் சின்ன பிரிட்ஜுக்குள் கரண்ட் திரும்பிப் பாயும். 1:2 விகிதத்தில் 7 லெவல்தான் கிடைக்கும். ஆனால் ஒன்று, இரண்டு, மூன்று எல்லாமே கூட்டலிலேயே வந்துவிடும். பேனல் வைத்துச் செய்கிறவர்களுக்கு நான் 1:2 தான் சொல்வேன்.

குடும்பங்கள்

டையோடு கிளாம்ப்டு வகை 1981-ல் நபே, தகஹாஷி, அகாகி மூவரும் வெளியிட்ட கட்டுரையால் பரவியது. டிசியை கெப்பாசிட்டர்களால் பிரித்து, நடுப்புள்ளிக்கு டையோடு வழியாக இழுத்துக் கட்டுவது இதன் வேலை. ஒரே டிசி போதும். மூன்று லெவலில் மிக நன்றாக நடக்கும். லெவலை ஐந்தாக்கினால் ஒரு ஃபேஸுக்கு 8 ஸ்விட்சோடு 12 கிளாம்பிங் டையோடு வேண்டும் (எல்லா டையோடும் ஒரே ரேட்டிங் என்று வைத்துக்கொண்டால்). மூன்று ஃபேஸுக்கு 36. டையோடுகூடப் பரவாயில்லை, கெப்பாசிட்டர்தான் தலைவலி. லோடுக்கு உண்மையான பவர் போகும்போது நடுவில் உள்ள கெப்பாசிட்டர்கள் வடிந்து ஓரத்தில் உள்ளவை ஏறும். தனிச் சமன்படுத்தும் சர்க்யூட் இல்லாமல் ஐந்து லெவல் டையோடு கிளாம்ப்டு என்று யாராவது கொண்டுவந்தால், சிமுலேஷனில் கெப்பாசிட்டருக்குப் பதிலாக நான்கு டிசி சோர்ஸ் வைத்திருக்கிறார்களா என்று பார்ப்பேன். பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும்.

டி-டைப் என்று ஒன்று உண்டு. மூன்று லெவல்தான். நடுப்புள்ளிக்கு இருபக்கமும் கடத்தும் ஸ்விட்ச் ஜோடி ஒன்று போகும், கிளாம்பிங் டையோடு கிடையாது. வெளிப்பக்க ஸ்விட்ச் முழு டிசியையும் தாங்க வேண்டும். அதனால் 415 வோல்ட் மூன்று ஃபேஸுக்கு 1200 வோல்ட் ஐஜிபிடி (ஸ்விட்சாகப் பயன்படும் ஒரு வகை ட்ரான்சிஸ்டர்) வேண்டியிருக்கும். அதற்கு ஈடாக, மேல் லெவல் கொடுக்கும்போது கரண்ட் ஒரே ஸ்விட்ச் வழியாகப் போகிறது. கடத்தல் இழப்பு குறைகிறது.

ஃப்ளையிங் கெப்பாசிட்டர், 1992-ல் மெய்னார்ட், ஃபோஷ் இருவரும் வெளியிட்டது. டையோடு இருந்த இடத்தில் மிதக்கும் கெப்பாசிட்டர். ஐந்து லெவலுக்கு ஃபேஸ் ஒன்றுக்கு 6 கெப்பாசிட்டர், டிசி பஸ்ஸுக்கு 4 தனி. ஒரே வோல்டேஜை இரண்டு மூன்று வழியில் கொடுக்க முடிவதால் சமன்படுத்துவது எளிது. ஆனால் கெப்பாசிட்டரின் அளவு ஸ்விட்சிங் அலைவெண்ணோடு நேரடியாகக் கட்டுண்டது. லோடு கரண்டை, அனுமதிக்கும் வோல்டேஜ் ஏற்ற இறக்கத்தாலும் ஸ்விட்சிங் அலைவெண்ணாலும் வகுத்தால் தோராய அளவு வந்துவிடும். 10 ஆம்பியர், 10 வோல்ட் ஏற்ற இறக்கம், 2 கிலோஹெர்ட்ஸ் என்றால் 500 மைக்ரோஃபாரட். அதையே 50 ஹெர்ட்ஸில் ஓட்டப் பார்த்தால் 20,000 மைக்ரோஃபாரட். தகரக் கொட்டகை மோட்டார் ரூமில், சித்திரை வெயிலில், எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர் எத்தனை வருஷம் தாங்கும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். வெப்பம் 10 டிகிரி கூடினால் ஆயுள் பாதியாகும் என்பது பொதுக்கணக்கு.

கேஸ்கேடட் எச்-பிரிட்ஜ் இவற்றில் மூத்தது. பேக்கர், பேனிஸ்டர் இருவரின் காப்புரிமை 1975-ல் வந்தது. எல்லா பிரிட்ஜும் ஒரே மாதிரி. கிளாம்பிங் டையோடும் இல்லை, மிதக்கும் கெப்பாசிட்டரும் இல்லை. ஐந்து லெவலுக்கு ஃபேஸ் ஒன்றுக்கு 8 ஸ்விட்ச், 2 டிசி. மூன்று ஃபேஸுக்கு 6 தனி டிசி.

மாடுலர் மல்டிலெவல் கன்வெர்ட்டர் (கெப்பாசிட்டர் வைத்த சிறு மாட்யூல்களை அடுக்கும் வகை) 2003-ல் லெஸ்னிகார், மார்க்வார்ட் இருவரும் முன்வைத்தது. நம் பக்கத்திலேயே உதாரணம் இருக்கிறது: புகளூர் – திருச்சூர் உயரழுத்த டிசி பாதை, 320 கிலோவோல்ட், 2000 மெகாவாட். மின்தொடரமைப்புக்கு அது அருமை. ஐந்து குதிரைத்திறன் பம்புக்கு ஒப்பிடும் பட்டியலில் அதைச் சேர்க்க வேண்டாம்.

ஒரே தரையில் நிறுத்துங்கள்

பிள்ளைகள் செய்யும் ஒப்பீட்டில் நான் அதிகம் திருத்துவது இந்த இடம். ஒருவர் 7 லெவல் கேஸ்கேடட்டை ஆர்எல் (ரெசிஸ்டன்ஸோடு இண்டக்டன்ஸும் சேர்ந்த) லோடு வைத்து ஓட்டி கரண்ட் டிஎச்டி (அலை சைன் வடிவத்திலிருந்து எத்தனை விழுக்காடு கெட்டிருக்கிறது என்ற அளவு) எடுத்திருப்பார். இன்னொருவர் 3 லெவல் டையோடு கிளாம்ப்டை வெறும் ரெசிஸ்டன்ஸ் வைத்து வோல்டேஜ் டிஎச்டி எடுத்திருப்பார். இரண்டையும் ஒரே அட்டவணையில் போட்டு, கேஸ்கேடட் ஜெயித்தது என்று எழுதுவார்கள். இண்டக்டன்ஸே வடிகட்டி மாதிரி வேலை செய்வதால் கரண்ட் டிஎச்டி எப்போதும் அழகாகத்தான் வரும்.

வெளிவரும் ஃபண்டமெண்டல் (50 ஹெர்ட்ஸ் அடிப்படை அலை) வோல்டேஜ், லோடு, பவர் ஃபேக்டர் மூன்றும் எல்லா வடிவமைப்புக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். ஸ்விட்சிங் அலைவெண்ணையும் ஒப்பாக்க வேண்டும்; அதில் கவனம் தேவை. கேரியர் (ஸ்விட்ச் எப்போது மாற வேண்டும் என்று தீர்மானிக்கும் முக்கோண அலை) அலைவெண்ணைச் சமமாக வைப்பது நியாயமாகாது. மூன்று பிரிட்ஜுக்கும் 1 கிலோஹெர்ட்ஸ் கேரியரை 60 டிகிரி தள்ளித் தள்ளிக் கொடுத்தால் வெளியே சிற்றலை 6 கிலோஹெர்ட்ஸில் தெரியும். ஆனால் ஒவ்வொரு ஸ்விட்சும் 1 கிலோஹெர்ட்ஸில்தான் மாறுகிறது. ஆகவே ஒரு ஸ்விட்சின் சராசரி மாற்றங்களைச் சமமாக வைத்து, வெளியே வரும் அலையைப் பாருங்கள்.

எஃப்எஃப்டி (அலையை அதன் ஹார்மோனிக்குகளாக, அதாவது 50 ஹெர்ட்ஸின் மடங்குகளாக, பிரித்துக் காட்டும் கணக்கு) எடுக்கும்போது ஜன்னல், அதாவது எடுக்கும் நேரத் துண்டு, முழுச் சுற்றுகளாக இருக்கட்டும்: 20 மில்லிசெகண்ட், 40, 100 என்று. எத்தனையாவது ஹார்மோனிக் வரை கூட்டினோம் என்பதையும் எழுதுங்கள். ஹார்மோனிக் வரம்புகளைச் சொல்லும் ஐ-ட்ரிபிள்-ஈ 519 தரத்தின் 2014 பதிப்பு 1000 வோல்ட்டும் அதற்குக் கீழும் வோல்டேஜ் டிஎச்டிக்கு 8 விழுக்காடு என்று சொல்கிறது. அது பொது இணைப்புப் புள்ளிக்கான, அதாவது பல நுகர்வோர் மின்வாரிய லைனோடு சேரும் இடத்துக்கான, வரம்பு. இன்வெர்ட்டர் முனையில் அளந்ததை அதோடு ஒப்பிட்டு "தரத்துக்குள் இருக்கிறது" என்று எழுதக் கூடாது.

ஒரு கணக்கைக் கையால் போட்டுப் பாருங்கள்

சிமுலேஷனைத் திறப்பதற்கு முன் இதைச் செய்யச் சொல்வேன். கால்குலேட்டர் போதும்.

மூன்று பிரிட்ஜ், 7 லெவல், ஒவ்வொன்றும் 12 வோல்ட், 7 ஆம்பியர்-அவர் பேட்டரி. ஒவ்வொரு பிரிட்ஜும் அரைச் சுற்றுக்கு ஒரே முறை திறந்து மூடும். திறக்கும் (லோடுக்கு வோல்டேஜ் கொடுக்கத் தொடங்கும்) கோணங்கள் 11.68, 31.18, 58.58 டிகிரி. மூன்றின் கொசைனையும் கூட்டினால் 2.356. அதை 4-ஆல் பெருக்கிப் பையால் வகுத்தால் 3.00. அதாவது ஃபண்டமெண்டலின் உச்சம் சரியாக மூன்று பேட்டரியின் கூட்டுத்தொகை, 36 வோல்ட்; ஆர்எம்எஸ் (ஏசியின் பயன் மதிப்பு) 25.5.

இப்போது ஒவ்வொரு கோணத்தையும் 5-ஆல் பெருக்கிக் கொசைன் எடுங்கள்: 0.524, –0.913, 0.389. கூட்டினால் பூஜ்யம். 7-ஆல் பெருக்கினால் 0.143, –0.785, 0.642. அதுவும் பூஜ்யம். ஐந்தாவது, ஏழாவது ஹார்மோனிக் இரண்டும் ஃபில்டரே இல்லாமல் போய்விட்டன. இந்தப் பூஜ்யத்தைக் கையால் போட்டுப் பார்த்த பிள்ளைக்கு அதற்குமேல் இந்தப் பாடம் மறக்காது.

3-ஆல் பெருக்கிப் பாருங்கள். கூட்டுத்தொகை –0.240. மூன்றாவது ஹார்மோனிக் ஃபண்டமெண்டலில் சுமார் 3.4 விழுக்காடு நிற்கிறது. மூன்று ஃபேஸ் மோட்டாருக்கு அது லைன் வோல்டேஜில் அடிபட்டுப் போகும், கவலையில்லை. வீட்டுச் சிங்கிள் ஃபேஸுக்கு நிற்கும். ஆகவே சிங்கிள் ஃபேஸுக்குக் கோணங்களை மூன்றையும் ஐந்தையும் நீக்குமாறு வேறு விதமாகத் தேட வேண்டும். மூன்று ஃபேஸ் கட்டுரையிலிருந்து கோணத்தை அப்படியே எடுத்துச் சிங்கிள் ஃபேஸ் ப்ராஜெக்டில் போடுவதைப் பார்த்திருக்கிறேன்.

இந்த அலையின் மொத்த ஃபேஸ் வோல்டேஜ் டிஎச்டி ஏறக்குறைய 13 விழுக்காடு வரும். 7 லெவலில் டிஎச்டியை மட்டும் குறிவைத்துக் கோணம் தேடினால் 11.5 வரை இறங்கலாம். அப்படியானால் 13 மோசமா? மூன்று ஃபேஸில் கீழ்நிலை ஹார்மோனிக் இரண்டும் போனதால் அடுத்து வருவது 11-வது. அதைச் சின்ன ஃபில்டரே பிடித்துவிடும். டிஎச்டி என்ற ஒற்றை எண்ணை மட்டும் ஒப்பிடாமல், எந்த ஹார்மோனிக் எவ்வளவு என்று கம்பிப்படம் வரைந்து ஒப்பிடச் சொல்வது இதனால்தான்.

இன்னொன்றும் இந்தக் கணக்கிலேயே தெரியும். முதல் பிரிட்ஜ் 11.68 டிகிரியில் திறந்து 168.32 வரை லோடில் இருக்கிறது. மூன்றாவது 58.58-லிருந்து 121.42 வரைதான். கரண்ட் சைன் வடிவில், வோல்டேஜோடு ஒத்துப்போனால், பேட்டரிகள் கொடுக்கும் பவர் கொசைன் விகிதத்தில் இருக்கும்: 100 வாட் லோடுக்கு 42, 36, 22. தலைமடை வயல் குடித்துத் தீர்க்க, கடைமடை காய்வது போன்ற நிலை. தீர்வும் நமக்குத் தெரிந்த முறைப்பாசனம்தான். ஒவ்வொரு 20 மில்லிசெகண்ட் சுற்றுக்கும் கோணங்களை அடுத்த பிரிட்ஜுக்கு மாற்றிக் கொடுத்தால், 60 மில்லிசெகண்டில் மூன்று பேட்டரியும் சமமாகக் கொடுத்திருக்கும். மைக்ரோகண்ட்ரோலரில் இது சில வரி ப்ரோக்ராம்தான். நேரமாக மாற்றினால் 0.649, 1.732, 3.254 மில்லிசெகண்ட், டைமரில் நேராகப் போடலாம்.

"ஸ்விட்ச் குறைவு" என்று சொல்லும் கட்டுரைகள்

இவை ஏராளம். ஒன்றை எடுத்துப் பார்ப்போம். மூன்று சமமான டிசி. ஒவ்வொன்றுக்கும் அரைப்பிரிட்ஜ், மொத்தம் 6 ஸ்விட்ச். அது ஒரு பக்கப் படிகளை மட்டும் தரும். பிளஸ் மைனஸ் மாற்ற ஓர் எச்-பிரிட்ஜ், 4 ஸ்விட்ச். ஆக 10. கேஸ்கேடட்டில் 12. இரண்டு மிச்சம்.

ஆனால் அந்த 4 ஸ்விட்சும் மூன்று டிசியின் கூட்டுத்தொகையைத் தாங்க வேண்டும். ஸ்விட்சுகள் தாங்கும் வோல்டேஜ் எல்லாவற்றையும் கூட்டினால் கேஸ்கேடட்டுக்கு 12 பங்கு, இதற்கு 6-ம் 12-ம் சேர்ந்து 18 பங்கு. 12 வோல்ட் பேட்டரி அளவில் இந்த வேறுபாடு தெரியாது. 230 வோல்ட் நேராக எடுக்க, பிரிட்ஜ் ஒன்றுக்கு 9 பேட்டரி வீதம் 108 வோல்ட் வைக்கும்போது தெரியும். அங்கே எச்-பிரிட்ஜ் ஸ்விட்ச் 324 வோல்ட்டைத் தாங்க வேண்டும். அதே சமயம் அந்த நான்கும் 50 ஹெர்ட்ஸில்தான் மாறுகின்றன, ஸ்விட்சிங் இழப்பு மிகக் குறைவு. கரண்ட் போகும் பாதையிலும் 6-க்குப் பதில் 5 ஸ்விட்ச்தான். ஆகவே இதை ஒதுக்கச் சொல்லவில்லை. எண்ணிக்கையோடு தாங்கும் வோல்டேஜின் கூட்டுத்தொகையையும் கரண்ட் பாதையில் உள்ள ஸ்விட்சுகளையும் சேர்த்து எழுதச் சொல்கிறேன்.

கரண்ட் பாதைக் கணக்கு எளிது. ஐஆர்எஃப்540என் மாஸ்ஃபெட்டின் (ஸ்விட்சாகப் பயன்படும் இன்னொரு வகை ட்ரான்சிஸ்டர்) ஆன் ரெசிஸ்டன்ஸ் டேட்டாஷீட்படி 0.044 ஓம். ஆறு ஸ்விட்ச், 5 ஆம்பியர்: 1.32 வோல்ட் பாதையிலேயே போகிறது. சூடானால் இன்னும் கூடும். 36 வோல்ட் அமைப்பில் இது சின்ன விஷயம் இல்லை.

நம் ஊருக்கு வந்தால்

நாகப்பட்டினம், வேதாரண்யம் கரையோரம் உப்புக்காற்று. போர்டில் சோல்டர் முனை எத்தனை அதிகமோ, துருப்பிடிக்கும் இடமும் அத்தனை அதிகம். கன்ஃபார்மல் கோட்டிங் (போர்டின் மேல் பூசும் பாதுகாப்புப் படலம்) அடித்துத்தான் ஆக வேண்டும். டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் பேனல்களைக் கேஸ்கேடட் பிரிட்ஜோடு நேராக இணைத்துக் கிரிட்டில் சேர்க்க நினைப்பவர்கள் லீக்கேஜ் கரண்டைக் கட்டாயம் அளக்க வேண்டும். பிரிட்ஜ் மாறும்போதெல்லாம் பேனலின் மின்னழுத்தம் தரையோடு ஒப்பிடக் குதிக்கும். பேனலுக்கும் அதன் ஃப்ரேமுக்கும் இடையே உள்ள கெப்பாசிட்டன்ஸ் வழியாகக் கரண்ட் கசியும். பேனல் நனைந்திருந்தால் அந்தக் கெப்பாசிட்டன்ஸ் கூடும். ஐப்பசி, கார்த்திகையில் இங்கே பேனல் காய்ந்திருக்கும் நாள் குறைவு. காய்ந்த பேனலில் எடுத்த அளவு ஒப்பீட்டுக்குப் போதாது. வாளித் தண்ணீர் ஊற்றி ஈரத்திலும் எடுங்கள்.

சோலார் பம்புக்கு என் கருத்தைக் கேட்டால், பேனல் சரம் ஒன்றே, மோட்டாரும் பக்கத்தில் என்றால் சாதாரண இரண்டு லெவல் டிரைவ் (மோட்டாரை ஓட்டும் இன்வெர்ட்டர்) போதும். போர்வெல் ஆழமாகி, டிரைவுக்கும் மோட்டாருக்கும் இடையே 200, 300 அடி கேபிள் ஓடுமானால் மூன்று லெவல் டி-டைப்பை நினைக்கலாம். நீளக் கேபிளில் செங்குத்தான பல்ஸ் எதிரொலித்து மோட்டார் முனையில் இரட்டை வோல்டேஜ் வரை ஏறக்கூடும். மூன்று லெவலில் ஒவ்வொரு பல்ஸின் உயரமும் பாதிதான், அதனால் வைண்டிங் இன்சுலேஷன் பிழைக்கும்.

பழுது பார்க்கும் வசதியும் ஒப்பீட்டில் ஒரு வரியாக வர வேண்டும். 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யத்துக்கும் நாகைக்கும் நடுவே கரையேறியபோது எத்தனையோ ஊர்கள் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தன. அந்த நேரத்தில் இன்வெர்ட்டர் நின்றால் ஸ்பேர் யார் கொண்டுவருவார்கள்? கேஸ்கேடட்டில் எல்லா பிரிட்ஜும் ஒன்றே. ஒரு போர்டு ஸ்பேர் வைத்தால் எதற்கும் போடலாம். ஒரு பிரிட்ஜ் போனாலும் அதை பைபாஸ் செய்து குறைந்த வோல்டேஜில் ஓட்டலாம். டையோடு கிளாம்ப்டில் ஒரு டையோடு ஷார்ட் ஆனால் மொத்தமும் நிற்கும். இறால் குட்டைக்கு நான் பிரிந்த பேட்டரிக் கட்டுகளோடு கேஸ்கேடட்டைப் பரிந்துரைத்ததற்கு இதுதான் முதல் காரணம், டிஎச்டி இரண்டாவது.

டேபிளில் அளக்கும்போது

டிஎஸ்ஓ (டிஜிட்டல் ஆஸிலோஸ்கோப்) ப்ரோபின் கிரவுண்ட் கிளிப் எர்த்தோடு இணைந்தது. இரண்டு சேனலின் கிளிப்பும் உள்ளே ஒன்றே. இரண்டு வெவ்வேறு பிரிட்ஜில் இரண்டு கிளிப்பையும் மாட்டினால் ப்ரோப் வழியாகவே ஷார்ட் ஆகும். டிஃபரென்ஷியல் ப்ரோப் (எர்த்தோடு சேராமல் இரண்டு முனைக்கு இடையே அளப்பது) பயன்படுத்துங்கள். இல்லையென்றால் ஒரு நேரத்தில் ஒரே சேனல், பேட்டரியில் ஓடும் அமைப்பு, எர்த் எங்கும் படாமல். கேட் டிரைவர் (ஸ்விட்சை இயக்கும் சிக்னல் தரும் சர்க்யூட்) சப்ளை ஒவ்வொரு பிரிட்ஜுக்கும் தனித்தனியாகப் பிரிந்திருக்கிறதா என்று மல்டிமீட்டரால் பார்த்துவிட்டே பேட்டரியை மாட்டுங்கள். பிரிட்ஜின் ஒரே கையில் (லெக்) உள்ள மேல், கீழ் ஸ்விட்சுகளுக்கு இடையே டெட் டைம் (இரண்டும் அணைந்திருக்கும் இடைவெளி) 1 முதல் 2 மைக்ரோசெகண்ட் கொடுத்து, அது உண்மையில் வருகிறதா என்று மெயின் சப்ளை இல்லாமல் கேட்டில் பாருங்கள்.

லோடைக் கட்டி அரை மணி நேரம் ஓடவிட்டு, ஹீட்சிங்க் வெப்பநிலையை அறை வெப்பநிலையோடு சேர்த்துக் குறியுங்கள். பிறகு உள்ளே போன டிசி பவர், வெளியே வந்த ஏசி பவர் இரண்டையும் அளந்து, முன்னால் போட்ட இழப்புக் கணக்கோடு ஒப்பிடுங்கள். ஏசி பக்கத்தில் ட்ரூ ஆர்எம்எஸ் மீட்டர்தான் வேண்டும். சராசரியை அளந்து காட்டும் மலிவு மீட்டர் படி அலையில் தவறான எண்ணைக் காட்டும். எல்லா வடிவமைப்பையும் ஒரே மீட்டரால், ஒரே லோடில், பேட்டரி முழு சார்ஜில் இருக்கும்போது அளங்கள்.